யாகப்பன் தோட்டத்து இருமல்

முதலில் வஞ்சகம் செய்தவன் யாகப்பன். எஸ்தாக்கி இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார். நடுவில் பிடித்து ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் அவர்தான் வம்புக்குப் போனதாக நினைத்துவிடுகிறார்கள். மேகமலை அடிவாரத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைப் பந்தலாகக் கிடக்கும் சம்மனசுப்பட்டியில், மாதா கோயில் கொடிமரத்தடியில், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து சனமெல்லாம் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், யாகப்பன் தன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "மதலேனுக்கு டி.பி. சும்மா என் தோட்டத்து மருந்தைக் குறை சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. பிள்ளகுட்டி உள்ளவங்க தள்ளி இருங்க."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மதலேன் எஸ்தாக்கியின் பெண்சாதி. யாகப்பன் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை இவர்கள் இரண்டு பேருக்கும்தான். எஸ்தாக்கி பவர் ஸ்பிரேயரின் குழாயைப் பிடித்து அண்ணாந்து பந்தலுக்கு அடிப்பார், மதலேன் டிரம்மில் மருந்து கலக்குவாள். குச்சியால் கலக்கினால் கட்டி கரையாது என்று முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவாள். மயில்துத்தம் கலந்த நாளில் அவள் கை மயில் கழுத்தாக இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் நகக்கண்ணில் அந்த நீலம் போகாது. அந்தக் கையால்தான் சோறு போட்டாள், அந்தக் கையால்தான் சிலுவை போட்டாள். மழைக்காலத்தில் இலையைக் கருக்குகிற செவட்டை நோய் வந்துவிடும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் அடித்தார்கள். நேற்று அடித்த மருந்து காயும் முன்னே இன்று வேறு மருந்து. குலையில் மருந்து வெள்ளையாகப் படிந்து நிற்கும்போது பறித்துப் பெட்டியில் அடுக்கினார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வீட்டுக் கொல்லையில் ஒரு கொடிக்கு மட்டும் மருந்து காட்டாமல் வைத்துக்கொண்டு, தங்கள் பிள்ளைகளுக்கு அதில்தான் பழம் பறித்தார்கள். அதையும் எல்லாரும்தான் செய்தார்கள்.

மதலேனுக்கு இருமல் வந்தது. இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இருமல், அதன் கடைசியில் ஓட்டைக் குழலில் காற்று போகிற மாதிரி மெல்லிய ஒரு விசில். விசில் முடிந்ததும் உள்ளங்கையை நீட்டுவாள். எஸ்தாக்கி தண்ணீர்ச் செம்பைக் கொடுப்பார். குடித்துவிட்டு, "ம், போதும்" என்பாள். அந்த இருமல் ஊருக்கே தெரிந்த இருமல். பூசையில் அவள் இருமினால் திரும்பிப் பார்க்காமலே மதலேன் வந்துவிட்டாள் என்று சொல்லலாம்.

பெரியாஸ்பத்திரியில் சளியைச் சோதித்து, கிருமி ஒன்றும் இல்லை என்றார்கள். எஸ்தாக்கி வந்து ஊரில் சொன்னார். புருஷன் சொன்னால் செல்லுமா? யாகப்பன் சொன்னதுதான் செல்லுபடியானது. அடுத்த ஞாயிறு கோயிலில் மதலேனுக்கு முன்வரிசையும் பின்வரிசையும் காலியாகக் கிடந்தன. டீக்கடையில் அவர்கள் வீட்டுக்கென்று ஒரு டம்ளர் கூரைத் தட்டியில் தனியாகச் செருகப்பட்டது. அவள் செத்தபோது, சம்மனசுப்பட்டியில் எப்பேர்ப்பட்ட போக்கிரி செத்தாலும் பெட்டியைத் தோளில் தூக்குவதுதான் வழக்கம் என்றிருக்க, மதலேனின் பெட்டி கோயில் தள்ளுவண்டியில் போனது. ஒரு பக்கம் எஸ்தாக்கி தள்ளினார். மறுபக்கம் கோயிலில் மணியடித்து எடுபிடி பார்க்கிற கோயில்பிள்ளை அந்தோணிராசு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளினான்.

எஸ்தாக்கி காசு கேட்கவில்லை. யாகப்பன் நாசமாகப் போகட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றவுமில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். எந்தக் கொடிமரத்தடியில் சொன்னானோ அதே கொடிமரத்தடியில், எந்த வாயால் சொன்னானோ அதே வாயால், மதலேனுக்கு டி.பி. இல்லை என்று அவன் சொல்ல வேண்டும். அது அவருக்கு வர வேண்டிய பாக்கி.

அவள் போன பிறகு கொடியை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்து, துளிர் விட்டு, பிஞ்சு பிடித்த சமயம், யாகப்பன் தோட்டத்தில் மருந்தடிக்க வெளியூரிலிருந்து சீனிச்சாமி என்ற ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். அவன் பந்தல் வரிசையில் முதல் பத்தியை அடித்து முடித்துவிட்டு இரண்டாம் பத்திக்குத் திரும்பியபோது, பின்னால் யாரோ இருமினார்கள். இரண்டு சின்னது, ஒரு நீளம், கடைசியில் விசில். சீனிச்சாமி திரும்பாமலே, "யக்கா, தள்ளி நில்லுங்க, மருந்து மேல படும்" என்றான். மறுபடி இருமல். திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பந்தலில் ஈரத்தோடு தொங்கிய ஒரு குலை, தொங்கிய இடத்திலேயே குலுங்கி இருமியது. பக்கத்துக் குலையும் இருமியது. பிறகு பத்தி முழுவதும், தூங்கி எழுந்த வீடு மாதிரி, ஒவ்வொன்றாக இருமத் தொடங்கியது. சீனிச்சாமி இஞ்சினை அணைத்து, குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, யாகப்பன் வீட்டு வாசலில் போய் நின்று, "மொதலாளி, தோட்டத்துக்கு ஒடம்பு சரியில்ல. நாளைக்கு வாரேன்" என்றான். வரவே இல்லை.

அந்த வாரத்துக்குள் ஊரில் மருந்து பட்ட பந்தலெல்லாம் இருமின. எந்தத் தோட்டத்தில் யார் நெஞ்சில் மருந்து அதிகம் இறங்கியதோ அவர் இருமலை அந்தத் தோட்டம் இருமியது. செத்தவர் இருமலும் உண்டு, இருக்கிறவர் இருமலும் உண்டு. ஊருக்கு வடக்கே ஓடைக்கரையில், வடக்கோடையில், டீக்கடை சவரியம்மாளின் தோட்டம் அவளுடைய செத்துப்போன வீட்டுக்காரரின் இருமலை, ஒவ்வொரு இருமலுக்கும் முன்னால் அவர் தொண்டையைக் கனைக்கிற கனைப்போடு சேர்த்து இருமியது. மழை பெய்து மருந்து கழுவிப்போனால் அடங்கும். மறுபடி அடித்தால் மறுபடி கிளம்பும்.

சம்மனசுப்பட்டி பயப்படவில்லை. வெயிலுக்கும் வியாபாரிக்கும் பழகின ஊர் இருமலுக்கும் பழகியது. பெண்கள் ஆடாதோடை இலையையும் மிளகையும் தட்டிப்போட்டுக் கசாயம் காய்ச்சி, ஆற வைத்து, கொடியின் தூரில் ஊற்றினார்கள். சிலர் பனங்கற்கண்டும் சேர்த்தார்கள். உரக்கடைக்காரர் இன்னும் வீரியமான புட்டி ஒன்றைக் கொடுத்தார். அதை அடித்த தோட்டங்கள் இருமி இருமிப் பிஞ்சை உதிர்த்தன. மதுரையிலிருந்தும் குமுளி தாண்டியும் பழ வியாபாரிகள் வருகிற நாளில் ஒலிபெருக்கி கட்டிச் சத்தமாகப் பாட்டுப் போட்டார்கள். "என்னங்கடா, தெனமும் ஊர்ல கல்யாணமா?" என்று ஒரு வியாபாரி கேட்டான். "ஆமாண்ணே, எங்க ஊர்ல பொண்ணுக நெறைய" என்றார்கள். சாயங்காலமானால் செத்தவர் வீட்டுச் சனம் பாயை எடுத்துக்கொண்டு பந்தலடிக்குப் போய் உட்கார்ந்து, அப்பாவின் இருமலை, அண்ணனின் இருமலைக் கேட்டுவிட்டு வந்தார்கள். பால்குடி மறந்த பிள்ளையைத் தூக்கி, "இந்தா, தாத்தா இருமுறாரு பாரு" என்று காட்டினார்கள்.

மாதா திருவிழா வந்தது. ஒவ்வொரு தோட்டத்தின் முதல் குலையையும் கூடையில் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பது அந்த ஊர் வழக்கம். பூசைக்கு வேண்டிய ரசத்தை அந்தக் குலைகளைப் பிழிந்துதான் எடுப்பார்கள். பங்குச் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில், கோயிலே மண்டியிட்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கூடைகள் இருமத் தொடங்கின. சாமியார் ஊருக்குப் புதியவர். "இருமல் இருக்கிறவங்க வெளியே போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார். ஒருவரும் எழவில்லை. சவரியம்மாள் மட்டும் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு பூசைக்கு வந்து எவ்வளவு நாளாச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். யாகப்பன் வீட்டுக் கூடையிலிருந்து மதலேனின் இருமல் தனியாகக் கேட்டது. பெண்கள் பக்கம் பழக்க தோஷத்தில் எல்லாரும் முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

கடைசி வரிசையில் இருந்த எஸ்தாக்கி தலையை நிமிர்த்தி யாகப்பனைப் பார்த்தார். இனி அவன் தப்ப முடியாது என்று நினைத்தார். பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் யாகப்பனை மறித்தார்.

"மொதலாளி, கேட்டுச்சா?"

"என்னது?"

"மதலேன் இருமுறா. ஒங்க பழத்துல இருந்து."

"கேட்டுச்சு. செத்தும் விடமாட்டேங்கிறாளேப்பா. அவ டி.பி.ய என் கொடிக்குத் தொத்தவிட்டுட்டுப் போயிட்டா. நாயப்படி பாத்தா நீதான் எனக்குப் பதில் சொல்லணும்."

"கொடிக்கு டி.பி. வருமா மொதலாளி?"

"கொடி இருமுமா? இருமுதுல்ல. அப்ப டி.பி.யும் வரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எஸ்தாக்கி அவர்களைப் பார்த்துத் திரும்பினார். "சிரிக்கிறீகளே, ஒங்க ஒங்க தோட்டமும் இருமுதுல்ல? ஏ சவரியம்மா, ஒன் வீட்டுக்காரருக்கும் டி.பி.யா? சொல்லு, டி.பி.யா?"

சவரியம்மாளின் முகம் சுண்டிப்போனது. "எங்க வீட்டுக்காரருக்கு அது வயசு இருமல்ண்ணே. மதலேன் கத வேற."

அவருக்குச் சாகும்போது நாற்பதுகூட நிரம்பவில்லை.

எஸ்தாக்கிக்கு அப்போதுதான் விளங்கியது. மற்றத் தோட்டங்களில் கூலிக்கு ஆள் இல்லை. அவரவர் வீட்டு மனுஷர்தான் மருந்து கலக்கினார்கள். அப்பா அடித்தார், மகன் கலக்கினான், பெண்சாதி குழாய் இழுத்தாள். மதலேனைக் கொன்றது மருந்து என்று ஒத்துக்கொண்டால் சவரியம்மாள் தன் வீட்டுக்காரருக்குத் தன் கையால் கலக்கிக் கொடுத்தது என்ன என்று ஊர் கேட்கும், ஊர் கேட்காவிட்டாலும் அவள் மனசு கேட்கும். ஆகையால் மதலேனுக்கு டி.பி. இருந்தே ஆக வேண்டும். யாகப்பன் ஒருவன் சொன்ன பொய்யை ஊரே தோள் கொடுத்துச் சுமந்தது. மதலேனின் பெட்டிக்குக் கொடுக்காத தோள் அது.

மனச்சாட்சி செய்யாததை ஒயின் கம்பெனி செய்தது. சம்மனசுப்பட்டியின் பன்னீர் திராட்சையில் பாதி, வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்திலிருந்தே ரசமாகிற பழக்கமுள்ளது. இப்போது அதை அடிவாரத்து ஒயின் கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய புட்டி ஒன்று பெங்களூரில் பெரிய ஓட்டலில் ஒரு கல்யாண வரவேற்பில் திறக்கப்பட்டதும், கனைத்து, இருமியது. மாப்பிள்ளையின் மாமா அதை இன்னொரு தடவை மூடித் திறந்து பார்த்தார். மறுபடி கனைத்து இருமியது. ஓட்டல்காரர்கள் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார்கள். கம்பெனி மேலாளர் ஊருக்கு வந்தார். ஏன் இருமுகிறது, யார் இருமுகிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இருமுற பழத்தை இனிமேல் எடுக்க மாட்டோம்" என்றார். எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெட்டி எடைக்கு ஏறியதும் அவள் காதை வைத்துக் கேட்பாள். தலையை ஆட்டினால் பழம் உள்ளே போகும். உதட்டைப் பிதுக்கினால் பெட்டி திரும்பி ஊருக்கு வரும்.

அதன் பிறகு ஊர் மருந்தைக் குறைத்தது. குலையைச் சுற்றி இலையைக் கிள்ளிக் காற்றுக்கு வழி விட்டார்கள். உதிர்ந்த சருகைக் கூட்டி எரித்தார்கள். வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தார்கள், பந்தலடியில் கோழி விட்டார்கள், செவட்டை கண்ட இலையை விடியற்காலையில் போய் ஒவ்வொன்றாகக் கிள்ளினார்கள். வானம் மூடினதுமே டிரம்மை உருட்டுகிற கையை, இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்று மடக்கி வைத்துக்கொண்டார்கள். முதல் வெள்ளாமையில் பாதிப் பழம் அழுகியது. இரண்டு பேர் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை போட்டார்கள். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள், நின்றுவிட்டார்கள். பந்தல்கள் ஒவ்வொன்றாக வாய் மூடின. வடக்கோடையில் கனைப்புச் சத்தம் நின்ற சாயங்காலம், சவரியம்மாள் பாயோடு போய் உட்கார்ந்து, இருட்டுகிற வரை காத்திருந்து, ஒன்றும் கேட்காமல், வீட்டுக்கு வந்து தலைவிரித்து அழுதாள். அவள் வீட்டுக்காரருக்கு அது இரண்டாவது சாவு.

எஸ்தாக்கி மடையர் இல்லை. சின்னஞ்சிறுசுகள் நெஞ்சு நோகாமல் வேலை செய்கிறதைப் பார்த்தார். தும்பி திரும்பி வந்ததைப் பார்த்தார். நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் யாகப்பன் தோட்டத்தில் மதலேனின் இருமல் வாரம் ஒரு முறையாகி, மாதம் ஒரு முறையாகி, ஒரு மூலைப் பத்தியில் மட்டும் மெல்லிய விசிலாகி, அதுவும் இல்லாமல் போன அன்று, அவரிடம் இருந்த ஒரே சாட்சி போய்விட்டது. நடுத்தெருவில் யாகப்பன் அவரைப் பார்த்து, "என்னப்பா, கொடிக்கு டி.பி. கொணமாயிருச்சு போல" என்றான்.

அடுத்த மாதா திருவிழாவில் யாகப்பனுக்குப் பொன்னாடை போர்த்துவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. மருந்தைக் குறைத்த முன்னோடி விவசாயி என்று எழுதித் தட்டி கட்டினார்கள். பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் மேடை. எஸ்தாக்கி அந்தத் தட்டியை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்து முடித்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

திருவிழா அன்று காலை, ஊரெல்லாம் சப்பரத்துக்குப் பூச் சுற்றிக்கொண்டிருக்க, எஸ்தாக்கி பரணிலிருந்த, முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பழைய டேங்கை இறக்கித் துடைத்து, பழைய மருந்துப் புட்டியின் அடியில் மிச்சமிருந்ததைக் கலந்து, தோளில் மாட்டிக்கொண்டு யாகப்பன் தோட்டத்துக்குப் போனார். பந்தலில் பழம் கறுத்துத் தொங்கியது, ஒன்றுகூட இருமவில்லை. டிரம் வைக்கிற இடத்துக்கு நேர் மேலே, மதலேன் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே தொங்கிய ஒரு குலையைத் தேர்ந்து, அதற்கு மட்டும் அடித்தார். மருந்து வழிந்தது. குலை குலுங்கியது. இரண்டு சின்னது, ஒரு நீளம், விசில். எஸ்தாக்கி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அதை வெட்டித் துண்டில் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். வழியெல்லாம் அது அவர் கக்கத்தில் இருமிக்கொண்டே வந்தது.

மேடையில் மேளம் அடங்கியது. மேலாளர் பொன்னாடையைப் போர்த்தினார். யாகப்பன் மைக்கைப் பிடித்தான். "மருந்து மண்ணுக்கு ஆகாதுன்னு நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டு வாரேன்" என்று ஆரம்பித்தான். எஸ்தாக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறி, துண்டைப் பிரித்து, குலையை மைக்குக்கு நேராகப் பிடித்தார்.

நான்கு திசையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் மதலேன் இருமினாள். சாமியார் வீட்டுப் புறாக்கள் கலைந்தன. மிட்டாய்க் கடையில் தராசு அப்படியே நின்றது. ஊரில் அந்த இருமலைத் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை.

"இப்பச் சொல்லுங்க மொதலாளி" என்றார் எஸ்தாக்கி. "அன்னைக்குச் சொன்ன எடம் இதுதான். சொல்லுங்க."

யாகப்பன் கூட்டத்தைப் பார்த்தான். மேலாளரைப் பார்த்தான். அவன் கழுத்து வியர்த்து, பொன்னாடையின் சரிகை ஒட்டிக்கொண்டது. இரண்டு சின்னது, ஒரு நீளம், விசில். மறுபடி இரண்டு சின்னது, ஒரு நீளம், விசில். மறுபடியும். யாகப்பனின் உதடு பிரிந்தது. அன்று மேடைக்குப் பக்கத்தில் நின்றவர்கள், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவன் சொல்லியிருப்பான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் பிறகு ஒரு சின்ன இடைவெளி இருந்தது. கூட்டத்துக்கு அது ஒன்றுமில்லை. எஸ்தாக்கிக்குத் தெரியும், அது மதலேன் உள்ளங்கையை நீட்டுகிற நேரம். நீட்டுகிறாள், செம்பு வரவில்லை, மறுபடி இருமுகிறாள். நீட்டுகிறாள், வரவில்லை. விசில் ஒவ்வொரு தடவையும் மெலிந்துகொண்டே போனது. தண்ணீர் பட்டால் மருந்து கழுவிப்போகும், மருந்து போனால் இருமல் போகும், இருமல் போனால் பாக்கியும் போகும். இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். மேடை மேஜையில் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, குலையின் மேல், அவளுக்குப் புரையேறாதபடி, மெதுவாக ஊற்றினார்.

ஒரு சின்ன இருமல். பிறகு ஒன்றுமில்லை. போதும் என்று அவள் சொல்லவில்லை. செத்தவர்கள் இருமத்தான் செய்தார்கள், பேசியதில்லை.

யாகப்பனின் உதடு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று மைக்கில் சொன்னான். மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

எஸ்தாக்கி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். கோயில்பிள்ளை அந்தோணிராசு அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். "அண்ணே, இத நீங்களே கொண்டு போயிருங்க. நீங்க தொட்டத அங்க வேற யாரும் தொட மாட்டேங்கிறாக."

இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் பூசை முடிகிற நேரத்தில் எஸ்தாக்கி அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து கொடிமரத்தடியில் நிற்கிறார். யாகப்பன் குனிந்து செருப்பைத் தேடுகையில் அவன் முகத்துக்கு நேராக, கையால் தொட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி நீட்டுகிறார்.

"ஒரு டம்ளர்தானப்பா, வச்சுக்க" என்கிறான் யாகப்பன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

எஸ்தாக்கி நீட்டிய கையை மடக்குவதில்லை. சனமெல்லாம் கலைந்து, கோயில்பிள்ளை கதவைச் சாத்துகிற வரைக்கும் அப்படியே நிற்கிறார்.